புயலுக்கு அடுத்த நாள் பார்க்கில் என்ன செய்வது? கூடு கட்டும் பறவைகளையும் கணக்கில் எடுத்து ஓர் இலங்கை மலையக வழிகாட்டி

ஒரு மே மாதம் எங்கள் ஊர் பார்க்கில் பெரிய சைப்ரஸ் மரம் ஒன்று இரவோடு இரவாகச் சாய்ந்தது. காலையில் போய்ப் பார்த்தால், விழுந்த கிளைக்குள் ஒரு சின்னான் பறவையின் கிண்ணக் கூடு அப்படியே இருந்தது. மரமே விழுந்தும் கிண்ணம் கவிழவில்லை. உள்ளே இரண்டு குஞ்சு. தாய் வாயில் பூச்சியோடு பக்கத்து வேலிக்கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு மரம் அரியும் மெஷின் வந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன்பே அந்தக் கிளை டிரக்டரில் ஏறிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நானும் அங்கேதான் கிளை இழுத்துக்கொண்டிருந்தேன்; தாய் கத்துவதை ஒரு சத்தமாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

காற்றில் போகும் கூடுகளை நம்மால் காப்பாற்ற முடியாது. ஆனால் காற்றுக்குத் தப்பிய கூடுகளில் பல அடுத்த மூன்று நாளில், பார்க்கைச் சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில், நம் கையாலேயே போகின்றன. இந்த வழிகாட்டி முழுக்க அந்த மூன்று நாளைப் பற்றியதுதான். அதற்குப் பிந்திய மாதங்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் கரையேறியபோது நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுதான் பெரிய எமன். அப்படி ஒரு நாளில் பறவைக்கூடு பற்றி யாரும் பேச வேண்டாம். ஆட்களைத் தேடி முடிந்து, பாதை திறந்து, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அடுப்பு எரிந்த பிறகு படிக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

எந்த மாதத்தில் புயல் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் வேலை மாறும். மலையகப் பறவைகளில் பெரும்பாலானவை பெப்ரவரி, மார்ச்சில் கூடு கட்டத் தொடங்கி மே, ஜூன் வரை குஞ்சு வளர்க்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் சிலது இன்னொரு முறை முட்டையிடும். இலங்கையில் மட்டுமே இருக்கும் மஞ்சள்காதுச் சின்னான், நம் ஊர் வெள்ளைக்கண்ணி இரண்டும் இந்தக் கணக்குக்குள்தான் வரும்.

இப்போது மழைக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். ஏப்ரலில் பின்னேர இடிமழை. மே கடைசியில் தென்மேற்குப் பருவம் இறங்கி ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கமெல்லாம் காற்றும் மழையுமாக அடிக்கும். அதாவது குஞ்சு கூட்டில் இருக்கும் காலமும் மரம் விழும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. போதாததற்கு ஏப்ரல் நுவரெலியாவில் சீசன். விருந்தாளி வருவதற்குள் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று வேலியை ஒட்ட வெட்டுவதும் அந்த நேரத்தில்தான்.

நவம்பர், டிசம்பரில் வங்காள விரிகுடாவில் இருந்து வரும் புயலுக்குக் கணக்கு வேறு. அப்போது கூடுகள் குறைவு. ஆனால் வடக்கில் இருந்து வலசை வந்த விருந்தாளிப் பறவைகள் பார்க்கில் இருக்கும். 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டிப் பெயர் வைக்கப்பட்ட நுவரெலியா விக்டோரியா பார்க்குக்கு வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்கள் தொலைநோக்கியோடு வருவதே இவற்றுக்காகத்தான். காஷ்மீர் ஈப்பிடிப்பான் காஷ்மீரில் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு நம் மலைக்கு வருகிறது. ஆறுமணிக் குருவியும் பூங்குருவி வகைகளும் மரத்தடிச் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். ஆகவே மே மாதத்தில் நாம் காக்க வேண்டியது கூட்டை. நவம்பரில் காக்க வேண்டியது சருகையும் கீழ்ப்புதரையும். நவம்பரில் சருகை எல்லாம் கூட்டி எரித்துவிட்டால், அத்தனை தூரம் பறந்து வந்த பறவைக்குச் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கியது போலத்தான்.

முதல் நாள்: வெளியில் நில்லுங்கள்

காற்று நின்ற உடனே உள்ளே போக ஆசை வரும். போகாதீர்கள். மலையில் மழை நின்ற பிறகும் மண் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையாக வெளியிடும். உங்கள் பிரதேச செயலகப் பிரிவு அதில் இருந்தால் பார்க் காத்திருக்கட்டும். அறிவிப்பு வராவிட்டாலும் கண்ணால் பார்க்கக் கூடிய அடையாளம் உண்டு. நிலத்தில் புதிய வெடிப்பு, நேராக நின்ற மரமோ விளக்குக் கம்பமோ சாய்வது, பீலியில் (ஊற்றுக் குழாயில்) வரும் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது. இதில் ஒன்றைக் கண்டாலும் திரும்பி வந்து 117-க்கு, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, அழையுங்கள்.

மின்கம்பி கிளையில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்சார சபையின் 1987-க்கு அழையுங்கள். மின்சார சபை ஆள் வந்து துண்டித்தோம் என்று வாயால் சொல்லும்வரை அந்த மரத்துப் பக்கம் போக வேண்டாம். ஈர மரம் கரண்ட் கடத்தும்.

மேலே ஒடிந்து தொங்கும் கிளையைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பயப்படுகிறேன். தரையில் கிடக்கும் மரத்தையே பார்த்துக்கொண்டு நடப்போம். தலைக்கு மேலே பாதி முறிந்த கிளை இன்னொரு கிளையில் சிக்கி நிற்கும். சின்னக் காற்று போதும், அது கீழே வந்துவிடும். ஒவ்வொரு மரத்துக்குக் கீழும் போவதற்கு முன் நின்று மேலே பாருங்கள்.

அப்புறம் குளவி. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. உயர்ந்த மரத்தில் தொங்கும் கூடு கிளையோடு விழுந்திருந்தால் அந்தக் கூட்டம் இரண்டு மூன்று நாள் பக்கத்திலேயே ஆவேசமாக இருக்கும். மெஷின் சத்தமும் புகையும் கிளப்பிவிடும். குளவியைக் கண்டால் அந்த மூலையையே கயிறு கட்டி மூடிவிடுங்கள்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் வெள்ளத்துக்குப் பிந்திய வியாதி. கையில் காலில் கீறல் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றி முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாம் நாள்: வெட்டுவதற்கு முன் ஒரு நடை

முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். விடிந்ததும், ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில், இரண்டே பேர் பார்க்கைச் சுற்றி வாருங்கள். கூட்டம் வேண்டாம். விழுந்த ஒவ்வொரு மரத்துக்கும் இருபது முப்பது அடி தள்ளிப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கூட்டைத் தேடிக் கிளையை விலக்காதீர்கள். கூடு எங்கே என்று பறவையே காட்டிக்கொடுத்துவிடும். வாயில் புழுவோடு வந்து, உங்களைப் பார்த்து விழுங்காமல் தயங்கினால் பக்கத்தில் குஞ்சு இருக்கிறது. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தினாலும் அதேதான். நார், பாசி, சிலந்தி வலை கொண்டுபோனால் இப்போதுதான் கட்டுகிறது.

கூடு இருக்கும் மரத்துக்கு அடையாளம் வைக்க வேண்டும், ஆனால் கூட்டுப் பக்கத்தில் வைக்கக் கூடாது. காகமும் பையன்களும் நம்மைவிடக் கூர்மையாகப் பார்ப்பார்கள். அடிமரத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டினால் போதும். ஒரு கொப்பித் தாளில் பார்க்கைக் கோடுகளாக வரைந்து, துணி கட்டிய இடங்களுக்கு நம்பர் போட்டு, என்ன பறவை, முட்டையா குஞ்சா என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் "சின்னது, பச்சை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்" என்று எழுதினாலும் சரிதான்.

அந்தத் தாளை வேலைக்கு வரும் மேற்பார்வையாளரிடம் கையில் கொடுங்கள். கோபத்தோடு போய் நிற்காதீர்கள். அவருக்கும் மேலே இருந்து அழுத்தம் இருக்கும். பல ஊர்களில் மெஷின் பிடிப்பவர்கள் சிங்களம் பேசுபவர்கள். "குருலு கூடு தியெனவா, கபன்ன எபா" (பறவைக் கூடு இருக்கிறது, வெட்ட வேண்டாம்) என்று ஓர் அட்டையில் சிங்கள எழுத்தில் எழுதித் துணியோடு கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கடிதம் எழுதினால் மூன்று விஷயத்தோடு நிறுத்துங்கள்: பாதையையும் கானையும் முதலில் திறக்க வேண்டும், துணி கட்டிய மரங்களை ஒரு மாதம் விட வேண்டும், ஆபத்தில்லாத விழுந்த மரங்களில் சிலதை அங்கேயே வைக்க வேண்டும். அதற்கு மேல் எழுதினால் படிக்க மாட்டார்கள்.

ஏன் ஒரு மாதம்? சின்னான் போன்ற சிறு பறவைக்கு முட்டை பொரிய ஏறக்குறைய 12 முதல் 14 நாள். குஞ்சு கூட்டை விட்டு இறங்க இன்னும் அவ்வளவு. நாலு வாரம் தள்ளிப்போட்டால் ஒரு முழு ஈடு, அதாவது ஒரு முறை இட்ட முட்டைகளின் குஞ்சுகள், வெளியே வந்துவிடும். ஆந்தைக்கும் கொக்குக்கும் இது போதாது.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லாதது. சிரமதானத்துக்கு வருபவர்களின் சோற்றுப் பார்சல். மிச்சத்தை மரத்தடியில் போட்டால் அரை மணி நேரத்தில் முப்பது காகம் வரும். இலை உதிர்ந்து, கிளை ஒடிந்து, கூடுகள் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும் நேரம் அது. சோறு தீர்ந்ததும் காகத்துக்கு அடுத்த சாப்பாடு முட்டைதான். பார்க்குக்கு வெளியே சாப்பிடுங்கள், மிச்சத்தை மூடியுள்ள வாளியில் போடுங்கள். வளர்ப்பு நாயைக் கூட்டி வராதீர்கள்.

கீழே கிடக்கும் குஞ்சு

முதலில் இறகைப் பாருங்கள். உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறதா? அது கூட்டை விட்டு இறங்க வேண்டிய வயதுக் குஞ்சு. புயல் இல்லாவிட்டாலும் இந்நேரம் தரையில்தான் இருந்திருக்கும். பாதையில் இருந்தால் எடுத்துப் பக்கத்துப் புதருக்குள் வையுங்கள். அவ்வளவுதான். "பாவம், தாயில்லை" என்று வீட்டுக்குக் கொண்டுபோகும் குஞ்சுகளில் நிறைய இந்த வகைதான். தாய் பக்கத்தில் ஒளிந்து, நாம் எப்போது போவோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இறகு இல்லாமல், அல்லது ஊசி ஊசியாக முளைத்த நிலையில், நிற்க முடியாமல் கிடந்தால் அது கூட்டில் இருக்க வேண்டியது. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று எங்கள் பாட்டிமார் எல்லோரும் சொல்வார்கள். இந்த விஷயத்தில் பாட்டி சொன்னது சரியில்லை. பெரும்பாலான சிறு பறவைகள் மணத்தை வைத்துக் குஞ்சை அடையாளம் காண்பதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கத்துகிறதா, வாயைத் திறக்கிறதா என்றுதான் பார்க்கும்.

கையில் எடுத்ததும் குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,800 மீற்றருக்கு மேல். நனைந்த வெற்றுடம்புக் குஞ்சுக்கு அங்கே பசியைவிடக் குளிர்தான் முதல் எதிரி. குளிர்ந்த குஞ்சை அப்படியே கூட்டில் வைத்தால் வாய் திறக்காது. வாய் திறக்காத குஞ்சுக்குத் தாய் ஊட்டாது. இரண்டு உள்ளங்கைக்குள் மூடி, ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி, அசையத் தொடங்கும்வரை சூடாக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். இதைத் தனி வரியாக எழுத வேண்டும் போலிருக்கிறது. பறவையின் மூச்சுக்குழாய் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. சொட்டுச் சொட்டாக விட்டாலும் நுரையீரலுக்குப் போய் மூச்சு முட்டிச் சாகும். பால், பாண், சோறு எதுவும் வேண்டாம்.

பழைய கூடு இருந்தால் அதிலேயே திரும்ப வையுங்கள். கிழிந்திருந்தால் கூட்டோடு சேர்த்து ஒரு கிண்ணத்துக்குள் வைக்கலாம். மாஜரின் டப்பா, பெரிய சிரட்டை, பழைய பழக்கூடை எதுவானாலும் சரி, அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழையில் குஞ்சு தண்ணீரில் மூழ்கும். உள்ளே காய்ந்த புல்லும் நாரும் போதும். பஞ்சு வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், நூல் காலில் சுற்றும். சின்னான் கூடு என்றால் கைப்பிடி அளவுக் குழி. குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சூடாக இருக்க வேண்டும். அகலமான டப்பாவில் ஆளுக்கொரு மூலையில் போய் விறைத்துவிடும்.

எங்கே கட்டுவது? அதே மரம் நிற்கிறது என்றால் அதே மரம். இல்லாவிட்டால் கூடு இருந்த இடத்தில் இருந்து சில அடி தூரத்தில் நிற்கும் மரமோ வேலியோ. ஆளுயரத்துக்கு மேலே, இலை மறைவில், கிளை ஆடினாலும் கவிழாதபடி கயிற்றால் கட்டுங்கள். பிறகு நீங்கள் போய்விட வேண்டும். குறைந்தது அறுபது எழுபது அடி தள்ளிப்போய் இருந்து பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தாய் வரும். இரண்டு மணி நேரப் பகல் வெளிச்சத்தில் எதுவும் வராவிட்டால்தான் அடுத்த யோசனை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992-க்கு அழையுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை வைத்தியரைக் கேளுங்கள்.

இருட்டும் நேரத்தில் குஞ்சு கிடைத்தால் பதற வேண்டாம். சிறு பறவைகள் இரவில் குஞ்சுக்கு ஊட்டுவதில்லை. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். குஞ்சு விரும்பினால் தள்ளிப் போக இடம் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பெட்டியை மூடி, பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்காத அறையில் வையுங்கள். விடிந்ததும் அதே இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

முட்டை என்றால்? கூட்டோடு உடையாமல் இருந்தால் கூட்டை நிமிர்த்திக் கட்டிவிட்டுப் பின்னேரம் வரை பாருங்கள். தாய் உட்காராவிட்டால் விட்டுவிடுங்கள். பல்பு வைத்துப் பொரிக்கும் முயற்சி வேண்டாம். ஈடு போன சிறு பறவை, மறைவான மரம் மட்டும் மிச்சமிருந்தால், ஓரிரு வாரத்தில் மறுபடி கட்டத் தொடங்கும். அதனால்தான் எனக்கு ஒரு முட்டையைவிட ஒரு வேலி முக்கியம்.

கிளிக்குஞ்சு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொந்து மரம் விழுந்தால் அன்று மாலையே யாராவது ஒருவர் வீட்டில் கூண்டு தயாராகிவிடும். 1937-ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தொடர்பான கட்டளைச் சட்டப்படி, ஒரு சில வகைகள் தவிர, காட்டுப் பறவையைப் பிடிப்பதும் முட்டையையோ கூட்டையோ எடுப்பதும் குற்றம். சட்டத்தைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டத் தேவையில்லை. கூட்டைத் திரும்பக் கட்டும் வேலையில் அவர்களையே ஏணி பிடிக்க விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசை தானாக அடங்குகிறது.

பொந்து மரமும் மற்றவையும்

குக்குறுவான், மரங்கொத்தி, பட்டாணிக்குருவி, மைனா, ஆந்தை எல்லாம் பொந்தில் இருப்பவை. பொந்து விழுவது உளுத்த மரத்தில் என்பதால் புயலில் முதலில் முறிவதும் அதுதான். மரத்தை அரிவதற்கு முன் ஒவ்வொரு ஓட்டைப் பக்கமும் காதை வைத்துக் கேளுங்கள். குஞ்சு இருந்தால் சீறும் அல்லது கிறீச்சிடும்.

உள்ளே குஞ்சு இருந்தால் அதை வெளியே எடுக்காதீர்கள். ஓட்டைக்கு மேலே ஓர் அடி, கீழே ஒன்றரை இரண்டு அடி விட்டு, அந்த மரத்துண்டை மட்டும் அரிந்து எடுக்க வேண்டும். அரியும்போது வாயைத் துணியால் அடைத்துவிட்டு, முடிந்ததும் எடுக்க மறக்காதீர்கள். முன்பு எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்க, பக்கத்து மரத்தின் அடிமரத்தோடு சேர்த்து இரண்டு இடத்தில் பட்டியால் கட்டுங்கள். மேல் வாயில் தண்ணீர் இறங்காமல் ஒரு தகரத்துண்டு. ஈரமரம் கனக்கும், கீழே ஆள் நிற்காமல் கயிறு போட்டு ஏற்றுங்கள்.

பார்க் மண்டபத்துக் கூரையடியில் தகைவிலான் மண்கூடு நனைந்து விழுந்திருந்தால், பாதி சிரட்டையைப் பலகையில் ஆணி அடித்து அதே இடத்தில் வையுங்கள். குஞ்சை அதில் விட்டால் தாய் அங்கேயே வந்து ஊட்டும்.

கண்டி வாவிக்கரை மரங்களில் கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் கூட்டமாகக் கூடு கட்டும். அந்த மாதிரி இடத்தில் விழுந்த கொக்குக் குஞ்சை வெறுங்கையோடு குனிந்து எடுக்காதீர்கள். கண்ணைக் குறிபார்த்துக் குத்தும். பெரிய துவாயை மேலே போட்டு, தலையைப் பின்னால் இருந்து பிடிக்க வேண்டும். கழுகு, ஆந்தை என்றால் காலைப் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. இரண்டையும் நீங்களே கையாளாமல் 1992-க்கு விடுவது நல்லது.

செத்த பறவையைக் கையில் பையை மாட்டி எடுத்து இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். காற்றுக்குத் தொடர்பில்லாமல் ஒரே இடத்தில் நிறையச் செத்துக் கிடந்தால் தொடாமல் அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

வெட்டும் வேலை: பார்க் மரம் தேயிலை இல்லை

நம் ஊரில் கத்தி பிடிக்கத் தெரியாதவர்கள் குறைவு. அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கை, பார்க் மரத்தையும் ஒரே மட்டத்தில் தறித்துவிடும். தேயிலை தாங்கும், வேரில் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு சில வருடத்துக்கு ஒருமுறை வெட்டுப்பட்டுத் துளிர்க்கவே அதை வளர்த்திருக்கிறோம். ஐம்பதடி மரத்தின் தலையை மொட்டையடித்தால் வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி உளுக்கும். பக்கத்தில் துளிர்க்கும் கொப்புகள் பலமில்லாமல் ஒட்டியிருந்து அடுத்த காற்றில் முறியும். "பாதுகாப்புக்காக" மொட்டையடித்த மரங்கள் சில வருடத்தில் முன்னைவிட ஆபத்தாக நிற்பதை எங்கள் ஊர் பஸ் நிலையத்துப் பக்கமே பார்க்கலாம்.

ஒடிந்த கிளையை எங்கே வெட்டுவது? கிளை அடிமரத்தைச் சேரும் இடத்தில் ஒரு தடிப்பு, கழுத்துப்பட்டி போல இருக்கும். அதை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அந்தத் தடிப்பில் இருந்துதான் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் பாதியில் பிய்ந்து அடிமரப் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகும். முதலில் ஓர் அடி வெளியே அடிப்பக்கத்தில் அரைவெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலே இருந்து வெட்டிக் கனத்தை இறக்குங்கள். மிச்சக் கட்டையைக் கழுத்துப் பக்கம் கடைசியாக எடுங்கள். வெட்டுவாயில் தார் பூச வேண்டாம். ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

விழுந்த மரத்தில் வளைந்து அழுத்தப்பட்டிருக்கும் கொப்பு வில் மாதிரி. பழக்கமில்லாதவர் மெஷின் வைத்தால் முகத்தில் அடிக்கும். இதற்குக் கூலி கொடுத்துத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் எடுத்துப்போகவும் வேண்டாம். பாதையில் இருந்து தள்ளி நிற்கும் செத்த மரத்தைப் பத்துப் பன்னிரண்டடி உயரத்தில் வெட்டி நிற்க விடலாம்; குக்குறுவானுக்கு அடுத்த வருடப் பொந்து அங்கேதான். ஒன்றிரண்டு அடிமரத்தை நிழலில் கிடத்துங்கள். சருகை மூலையில் குவியுங்கள், எரிக்காதீர்கள். "பார்க் குப்பையாக இருக்கிறது" என்று குறை வரும். அதற்கு ஒரே மருந்து, ஓரத்தை நேர்கோடாக வைப்பது. பாதைக்கு இரண்டு பக்கமும் நாலடி புல்லை ஒழுங்காக வெட்டிவிட்டால், உள்ளே உள்ள காட்டை யாரும் குப்பை என்பதில்லை.

இளமரம் சாய்ந்திருந்தால், வேர் ஈரமாக இருக்கும் ஓரிரு நாளுக்குள் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் முளை அடித்து அகலமான துணிப்பட்டியால் கட்டுங்கள். பெரிய மரத்தை நிமிர்த்த முயல வேண்டாம். அறுந்த வேர் ஒட்டாது.

சரிவில் இருந்தால்

மலையகத்துப் பார்க்கில் சமநிலம் குறைவு. சரிவில் விழுந்த மரத்தின் வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்தால் அந்தக் குழிதான் அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும் வாய். மரத்தை அரிந்து எடுங்கள், கட்டையையும் வேரையும் விடுங்கள். மேலே தூக்கி நிற்கும் வேர்த்தட்டுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. மரத்தின் கனம் போனதும் அது பழையபடி பொத்தென்று விழும். கானில் அடைத்த மண்ணையும் இலையையும் முதலில் எடுங்கள். எடுத்த மண்ணைச் சரிவின் மேல்விளிம்பில் கொட்டாதீர்கள்.

சரிந்த மண்ணில் முதலில் வருவது காட்டுச் சூரியகாந்தியும் உண்ணிச்செடியும். மஞ்சள் பூ பார்க்க அழகுதான், ஆனால் வேறெதையும் முளைக்க விடாது. பூப்பதற்கு முன் பிடுங்குங்கள். அதற்கும் முன்னால் உள்ளே கூடு இருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பறவைகளுக்கு உண்ணிப் புதர் பிடிக்கும்.

நடுவது

புயல் முடிந்த அடுத்த வாரமே பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டி நூறு கன்று நட்டு போட்டோ எடுப்பது வழக்கமாகிவிட்டது. மழை எப்போது வரும் என்று பார்க்காமல் நட்டால் பாதிக்கு மேல் காய்ந்துவிடும். ஹட்டன், நுவரெலியா மேற்குச் சரிவுகளுக்கு மே, ஜூன் மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு அந்த மாதங்கள் வரண்ட காற்றுக் காலம். அங்கே ஒக்டோபர், நவம்பரில்தான் நட வேண்டும். ஒரே நாட்டில், ஒரே மலையின் இரண்டு பக்கத்தில், தேதி இப்படி மாறும்.

என்ன நடுவது? சைப்ரஸும் யூகலிப்டஸும் அல்பீசியாவும் வேகமாக வளரும் என்று திரும்பவும் அவற்றையே நடாதீர்கள். முறிந்து விழுந்தது எது என்று உங்கள் தாளைப் பாருங்கள். உயரமான குளிர்ப் பகுதிக்கு மலையில் தானாக வளரும் நாவல் வகைகள், கீன மரம், சிவப்புப் பூப் பூக்கும் மஹரத்மல். கண்டி, பதுளை உயரத்துக்கு அத்தி, நாவல், முள்முருக்கு. முள்முருக்குப் பூத்தால் தேன்சிட்டும் மைனாவும் நாள் முழுக்க அங்கேதான். கட்டடத்துக்கும் பாதைக்கும் பக்கத்தில் அத்தி வேண்டாம்.

மரம் பெரிதாகப் பத்து வருடமாவது ஆகும். அதுவரை பறவைக்கு வேலிதான் வீடு. பாதை ஓரங்களில் அடர்த்தியான செடிவேலி ஒன்றை இடுப்பளவு வளரவிடுங்கள். பெப்ரவரியில் இருந்து ஜூன் வரை அதில் கத்தி வைக்க வேண்டாம். சீசனுக்கு அழகாக இருக்க வேண்டும் என்றால் ஜனவரியிலேயே வெட்டி முடியுங்கள்.

கூட்டுப் பெட்டி வைப்பதானால் பட்டாணிக்குருவிக்கு ஓட்டை 28 முதல் 30 மில்லிமீற்றர். அதைவிடப் பெரிதானால் மைனாவோ அணிலோ எடுத்துக்கொள்ளும். முக்கால் அங்குலத்துக்குக் குறையாத சொரசொரப்பான பலகை, உள்ளே பெயின்ட் இல்லை, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. உட்கார வெளியே குச்சி வைக்க வேண்டாம்; அது காகத்துக்குத்தான் உதவும். மேற்குச் சரிவில் வாய் கிழக்கைப் பார்க்கட்டும், மே மாதக் காற்று உள்ளே அடிக்காது. வருடத்தில் ஒருமுறை, டிசம்பரில், பழைய கூட்டை எடுத்துச் சுடுதண்ணீரில் கழுவுங்கள்.

கடைசியாக, நிமிர்த்திக் கட்டிய இளமரங்களின் பட்டி. ஆறு மாதத்தில் ஒருமுறை விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். விரல் போகாவிட்டால் தளர்த்துங்கள். ஒரு வருடத்தில் கழற்றிவிடலாம். துணி கட்டிய மரங்களின் தாளையும் வீசிவிடாதீர்கள். அடுத்த மே மாதம் மெஷின் வருவதற்கு முதல் நாள் அதே இடங்களில் இருந்துதான் நடையைத் தொடங்க வேண்டும்.